பிளாஸ்டிக் கலவை உரிகிறதா, உடைகிறதா? அறிகுறி வழியே கோளாறு தேடும் முறை

"சார், உங்க மெட்டீரியல் வெங்காயம் மாதிரி உரியுது."

மோல்டிங் போடும் வாடிக்கையாளரிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால், எங்கள் தொழிலில் பெரும்பாலானவர்கள் உடனே செய்வது ஒன்றுதான். கம்பாட்டிபிலைசரை, அதாவது ஒன்றோடொன்று சேராத பிளாஸ்டிக்குகளை ஒட்டவைக்கும் சரக்கை, இரண்டு சதவீதம் ஏற்றிவிடுவார்கள். அம்பத்தூரில் ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் (இரட்டைத் திருகு சுழன்று பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் மெஷின்) லைனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். சில சமயம் சரியாகும், பல சமயம் ஆகாது. கிலோவுக்குச் செலவு மட்டும் நிச்சயமாக ஏறும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கம்பாட்டிபிலைசர் குறைந்தது இல்லை. ஈரம், பொருந்தாத பாகுத்தன்மை, ஆள் தெரியாமல் உள்ளே வந்த வேறொரு பிளாஸ்டிக், அல்லது அந்த ஜோடிக்குச் சம்பந்தமே இல்லாத கம்பாட்டிபிலைசர், இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. எது என்று உடைந்த பீஸே சொல்லும். அதை வாங்கிப் பார்க்காமல் ஃபார்முலாவில் கை வைக்காதீர்கள்.

பிளாஸ்டிக்குகள் ஏன் ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. சர்க்கரை தண்ணீரில் கரைகிறது, ஏனென்றால் சின்ன மூலக்கூறுகள் பரவலாகச் சிதறுவதில் நிறைய ஆதாயம் இருக்கிறது. பாலிமர் என்பது இடியாப்பம் மாதிரி நீள நீளமான சங்கிலி. இரண்டு தட்டு இடியாப்பத்தைச் சேர்த்துப் பிசைந்தாலும் இழைகள் சிதற இடமே இல்லை, அந்த ஆதாயம் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே லேசாகப் பிடிக்காவிட்டால்கூடப் பிரிந்துவிடும். பிபியும் (பாலிபுரொப்பிலீன்) பிஇயும் (பாலிஎத்திலீன்) இரண்டுமே எண்ணெய்க் குடும்பம், பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனாலும் கலக்காது. ஒன்று கடலாகவும் மற்றொன்று அதில் மிதக்கும் துளிகளாகவும்தான் இருக்கும். நம் வேலை இரண்டே இரண்டு: துளியைச் சின்னதாக்குவது, துளியின் ஓரத்தைச் சுற்றியுள்ளதோடு ஒட்டவைப்பது.

கை வைக்கும் முன்: பையில் என்ன இருக்கிறது?

கிரைண்டிங் யூனிட்டிலிருந்து வரும் சரக்கில் பையின் மேல் எழுதியதை நம்பாதீர்கள். காயலான் கடையில் நாற்காலியும் பக்கெட்டும் எண்ணெய் கேனும் பால் கவரும் ஒரே குவியலில் கிடந்தவை. பிரித்தவர் எவ்வளவு கவனமாகப் பிரித்திருந்தாலும் ஏதோ ஒன்று தப்பும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் (காற்றுக்குமிழ் ஒட்டி மிதக்காமல் இருக்க), ஒரு கைப்பிடி அரைத்த பிளாஸ்டிக் சிப்ஸ். அடர்த்தி பிபிக்கு 0.90, எச்டிபிஇக்கு (அடர்த்தி கூடிய பிஇ) 0.95, இவை மிதக்கும். பாலிஸ்டைரீன் 1.05, ஏபிஎஸ்ஸும் (அதுவும் ஸ்டைரீன் வகைதான்) அதே பக்கம், நைலான் 1.13, பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) 1.38, பிவிசி 1.4 பக்கம், எல்லாம் மூழ்கும். மூழ்கியதை இனி கரையவே கரையாது என்னும் அளவுக்கு உப்பு போட்ட தண்ணீரில் போடுங்கள். அதன் அடர்த்தி 1.2 வரும். ஸ்டைரீன் வகையும் நைலானும் மேலே வரும், பெட்டும் பிவிசியும் அடியிலேயே கிடக்கும். ஒரு எச்சரிக்கை: டால்க்கோ சுண்ணாம்புத் தூளோ 20 சதவீதம் சேர்த்த பிபி சாதாரணத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். மூழ்கியதெல்லாம் வேறு ஜாதி என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிவிசி சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சிச் சிப்பில் குத்தித் திரும்ப நெருப்பில் காட்டுங்கள். பச்சைச் சுவாலை வந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். அந்தப் புகையை முகர வேண்டாம்.

இந்த ஐந்து நிமிட வேலைக்கு அப்புறம்தான் அறிகுறிக்கு வர வேண்டும்.

அறிகுறி: கேட் பக்கத்தில் தோல் தோலாக உரிகிறது

பீஸின் கேட் (உருகிய சரக்கு மோல்டுக்குள் நுழையும் வாய்) ஓரத்தில் பிளேடால் ஒரு சின்னக் கீறல் போடுங்கள். அதன் மேல் செலோ டேப்பை நன்றாக அழுத்தி, ஒரே இழுப்பில் கிழியுங்கள். டேப்போடு மெல்லிய சவ்வு வந்தால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாலாடை மாதிரி தெரிந்தால், துளிகள் உருண்டையாக இல்லை, கேட்டின் வேகத்தில் தகடு தகடாக இழுபட்டிருக்கின்றன, தகடுகளுக்கிடையே பிடிப்பும் இல்லை.

முதல் கேள்வி, இது சரக்கின் கோளாறா, மோல்டிங்கின் கோளாறா? அதே சரக்கில் இன்ஜெக்‌ஷன் வேகத்தைப் பாதியாக்கி, மெல்ட் சூட்டை 10 டிகிரி ஏற்றி, மோல்டையும் கொஞ்சம் சூடாக வைத்துப் பத்து ஷாட் போடச் சொல்லுங்கள். உரிவது நன்றாகக் குறைந்தால் கேட் சின்னது அல்லது வேகம் அதிகம். மோல்டில் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்த எண்ணெய் உள்ளே மடிந்துபோனாலும் இதேபோலத்தான் உரியும். பர்ஜிங் (மெஷினில் இருக்கும் பழைய சரக்கை வெளியே தள்ளுவது) சரியாகச் செய்யாமல் முந்தைய சரக்கு மிச்சம் இருந்தாலும் முதல் முப்பது நாற்பது ஷாட் உரியும், பிறகு தானாக நின்றுவிடும்.

வேகத்தைக் குறைத்தும் உரிகிறது என்றால் சரக்குதான். இங்கேதான் அதிகமாகப் பணம் வீணாகிறது. பிபியில் பிஇ கலந்திருக்கிறது, உரிகிறது, உடனே மேலிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பிபியை வாங்கிப் போடுகிறார்கள். அது இந்த ஜோடிக்கு வேலை செய்யாது. மேலிக் அன்ஹைட்ரைடு கைகோக்க எதிரே ஒரு அமீனோ ஹைட்ராக்சிலோ வேண்டும், பிஇயில் அப்படி எதுவும் கிடையாது. இந்த ஜோடிக்கு வேண்டியது இரண்டு பக்கமும் சங்கிலியை நுழைக்கக்கூடிய எத்திலீன்-ஆக்டீன் வகை எலாஸ்டோமர் அல்லது ஓலிஃபின் பிளாக் கோபாலிமர். 2017-ல் அமெரிக்காவின் கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து, பிஇ ஒரு துண்டு பிபி ஒரு துண்டு என்று மாறி மாறிக் கோத்த சங்கிலியைச் செய்து காட்டினார்கள். ஒரு சதவீதம் அளவிலேயே முறுகலாக உடையும் கலவை நீளமாக இழுபடும் கலவையானது. நம் ஊர்க் கடையில் அது கிடைக்காவிட்டாலும் தத்துவம் அதுதான்: ஒட்டவைக்கும் சரக்கின் ஒரு கை இந்தப் பக்கமும் மறு கை அந்தப் பக்கமும் பிடிக்க வேண்டும்.

ஜோடிப் பொருத்தம் எங்கள் லைனில் இப்படி. நைலானோடு பிபி என்றால் மேலிக் ஏற்றிய பிபி. நைலானோடு பிஇ, அதாவது பல அடுக்கு பேக்கிங் ஃபிலிம் கழிவு, மேலிக் ஏற்றிய பிஇ. பிபியோடு பாலிஸ்டைரீன் என்றால் எஸ்இபிஎஸ் என்னும் ஸ்டைரீன் ரப்பர். பெட்டோடு பிஇ அல்லது பிபி என்றால் கிளைசிடில் மெத்தாக்ரிலேட் உள்ள எத்திலீன் டெர்பாலிமர். ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் (பிசி) பெரும்பாலும் தாங்களே ஒத்துப்போகும், ஏபிஎஸ்ஸில் உள்ள ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் பகுதிக்குப் பிசியைப் பிடிக்கும். பிவிசி கலந்திருந்தால் கம்பாட்டிபிலைசர் தேடாதீர்கள், சரக்கையே திருப்பி அனுப்புங்கள்.

பொருத்தமும் சரி, அளவும் சரி, ஆனாலும் உரிகிறதா? பாகுத்தன்மையைப் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் பிபி எம்எஃப்ஐ (உருகிய சரக்கு எவ்வளவு சுலபமாக ஓடும் என்னும் எண், கூடினால் இளக்கம்) 12 அல்லது 20 இருக்கும். அதில் ப்ளோ மோல்டிங் கேனை அரைத்துப் போட்டால் அந்த எச்டிபிஇயின் எம்எஃப்ஐ 0.3-க்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான் இருக்கும். தண்ணீரில் களிமண் உருண்டையைப் போட்டுக் கலக்குவது போன்றது இது. தண்ணீர்தான் சுழலும், உருண்டை உடையாது. துளியின் பாகுத்தன்மை சுற்றியுள்ளதைப்போல 4 மடங்கைத் தாண்டினால் வெறும் தேய்ப்பு விசையால் அதை உடைக்க முடியாது என்பது கணக்காகவே நிறுவப்பட்ட விஷயம். எவ்வளவு கம்பாட்டிபிலைசர் போட்டாலும் உடையாத துளியின் வெளித்தோலில்தான் போய் உட்காரும்.

இதில் இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, பிபியின் எம்எஃப்ஐ 230 டிகிரியில் எடுத்தது, பிஇயின் எம்எஃப்ஐ 190 டிகிரியில் எடுத்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இரண்டையும் 230-ல், அதே 2.16 கிலோவில் எடுத்தால்தான் ஒப்பீடு. இன்னொன்று, சரக்கு இளகவில்லை என்று பெராக்ஸைடு போடுவது. பெராக்ஸைடு பிபியை வெட்டி இளக்கும், பிஇயைக் குறுக்கே கட்டிக் கெட்டியாக்கும். இடைவெளி இன்னும் கூடும். சரியான வழி, எம்எஃப்ஐ நெருங்கிய பிஇயைத் தேடி வாங்குவது. மூடி, க்ரேட் போன்ற இன்ஜெக்‌ஷன் வகை எச்டிபிஇ தனியாகக் கிடைக்கும். முடியாவிட்டால் நீடிங் பிளாக் (ஸ்க்ரூவில் சரக்கைப் பிசையும் பகுதி) உள்ள மண்டலத்தில் சூட்டைக் குறைத்துப் பாருங்கள், விசை கூடும். சிங்கிள் ஸ்க்ரூ மெஷினில் மட்டும் இதைச் செய்து முடித்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: உரியவில்லை, ஆனால் பொட்டென்று உடைகிறது

பீஸைக் கையால் மடக்குங்கள். மடக்கிய இடம் வெளுத்து, கொஞ்சம் இழுத்து, பிறகு கிழிந்தால் பிழைக்கும் சரக்கு. வெளுக்காமல் சட்டென்று இரண்டாகப் போனால் அந்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கண்ணாடிபோலப் பளபளப்பு என்றால் மேட்ரிக்ஸே (துளியைச் சுற்றியுள்ள கடல்) முறுகல், துளி வேலை செய்யவில்லை. மரநார் மாதிரி நீளவாட்டில் பிளந்திருந்தால் மேலே சொன்ன உரிதல்தான், வெளியே தெரியாமல் உள்ளே நடந்திருக்கிறது. கண்ணாடி இழை சேர்த்த சரக்கில் முள் முள்ளாக வெறும் இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் இழைக்கும் பிபிக்கும் ஒட்டு இல்லை. துளியின் அளவைப் பார்க்க லென்ஸ் போதாது. திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உருண்டை உருண்டையாகக் கழன்று விழுந்த பள்ளங்கள் சுத்தமாக, வழுவழுவென்று இருந்தால் ஒட்டு இல்லை என்று அர்த்தம்.

இங்கே டென்சைல் ஸ்ட்ரெங்த் எண் உங்களை ஏமாற்றும். பிபியில் 10 சதவீதம் பிஇ கலந்தால் ஸ்ட்ரெங்த்தும் மாடுலஸும் (விறைப்பு) பெரிதாக மாறாது. எலாங்கேஷன், அதாவது உடையும்வரை நீளும் அளவுதான் தடாலென்று விழும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் முறிவு நீட்சியையும் நாட்ச் போட்ட ஐசாடையும் (வெட்டுப் போட்ட பட்டையை அடித்து உடைத்து, அடி தாங்கும் திறனைப் பார்க்கும் சோதனை) கேட்டு வாங்குங்கள். கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் 1968 முதல் இருக்கும் சிப்பெட் என்னும் மத்திய அரசு பிளாஸ்டிக் நிறுவனத்தில் இவை இரண்டையும் தரப்படி எடுத்துத் தருவார்கள். புது ஃபார்முலா வெளியே போகும் முன் ஒருமுறையாவது அங்கே எடுத்துவிடுவது நல்லது.

நைலான்-பிபி கலவையில் ஒட்டு நடந்ததா என்று நம் இடத்திலேயே பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அது. இரண்டு டெஸ்ட் டியூப். ஒன்றில் கம்பாட்டிபிலைசர் போடாத கலவை மணிகள் (எக்ஸ்ட்ரூடரில் வெட்டிய குருணைகள்) நாலைந்து, மற்றதில் போட்ட மணிகள் நாலைந்து. இரண்டிலும் அடர் ஃபார்மிக் அமிலம் ஊற்றி, மூடி, ஒரு ராத்திரி நிற்கட்டும். அமிலம் நைலானைக் கரைக்கும், பிபியைத் தொடாது. காலையில் வந்து பார்த்தால் முதல் டியூபில் அமிலம் ஓரளவு தெளிந்து, பிபி தனியாக மேலே ஏடு கட்டியிருக்கும். இரண்டாவது டியூப் தண்ணீர் கலந்த மோர் நிறத்தில், குலுக்காமலே கலங்கி நிற்கும். அந்தக் கலங்கல்தான் நைலானும் பிபியும் ஒரே சங்கிலியாகக் கைகோத்ததற்குச் சாட்சி, சோப்பு எண்ணெயைத் தண்ணீரில் நிறுத்திவைப்பதுபோல அந்தச் சங்கிலி பிபித் துளிகளை அமிலத்தில் நிறுத்திவைக்கிறது. இரண்டாவது டியூபும் தெளிந்து கிடந்தால் நீங்கள் போட்ட கம்பாட்டிபிலைசர் வெறும் ஃபில்லராக உள்ளே போயிருக்கிறது. ஃபார்மிக் அமிலம் தோலைச் சுட்டுவிடும், ஆவி கண்ணைக் கெடுக்கும். கையுறை, கண்ணாடி, எக்ஸாஸ்ட் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

இன்னும் சுலபமான சாட்சி எம்எஃப்ஐ. ஒட்டு நடந்தால் சங்கிலி பெரிதாகும், எம்எஃப்ஐ இறங்கும், எக்ஸ்ட்ரூடரில் டார்க் (ஸ்க்ரூவைச் சுழற்றும் விசை) ஏறும். கம்பாட்டிபிலைசர் போட்டும் இரண்டும் அசையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

ஏன் ஒட்டவில்லை? ஃபார்முலாவின் மற்ற வரிகளைப் படியுங்கள். கால்சியம் ஸ்டியரேட், ஜிங்க் ஸ்டியரேட் இருக்கிறதா? அன்ஹைட்ரைடு நைலானைத் தேடிப் போகும் முன்பே இவை அதைப் பிடித்துக்கொள்ளும். டால்க்கும் சுண்ணாம்பும் கண்ணாடி இழையும்கூடப் பங்கு கேட்கும். ஆகவே நைலான், பிபி, கம்பாட்டிபிலைசர் மூன்றையும் மெயின் ஹாப்பரில் போட்டு, ஒட்டு முடிந்த பிறகு ஃபில்லரையும் இழையையும் சைடு ஃபீடரில் விடுங்கள். லூப்ரிகன்ட்டையும் கடைசிப் பக்கம் தள்ளுங்கள். ஒரே ஃபார்முலா, வரிசையை மட்டும் மாற்றி ஐசாட் ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 3 முதல் 5 சதவீதம் பெரும்பாலான ஜோடிக்குப் போதும். துளிகளின் மேற்பரப்பு முழுவதும் மூடிய பிறகு மிச்சம் போட்டது தனியாக அலையும். பெருங்காயம் கூடினால் சாம்பார் கெடுவதுபோல, அது சூட்டுத் தாங்குதலையும் விறைப்பையும் குறைக்கும்.

அறிகுறி: போன மாதம் நன்றாக இருந்தது, மழை ஆரம்பித்ததும் கெட்டது

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் புகார் தனியாக ஒரு ஃபைல் வைக்கும் அளவுக்கு வரும்.

ஒரு நவம்பரில் எங்களுக்கு நடந்தது. நைலான் 6-ம் பிபியும் சேர்ந்த ஒரு சரக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. லாட்டுக்கு லாட் ஐசாட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நைலான் டிரையரைச் சோதித்தோம், சூடு சரி, நேரம் சரி. ஸ்க்ரூவைக்கூடக் கழற்றிப் பார்த்தோம். கடைசியில் ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில் நின்று ஒவ்வொரு பையாகப் பார்த்தேன். கம்பாட்டிபிலைசர் பை ஷட்டர் ஓரமாக, வாய் திறந்து, மழைச்சாரல் காற்று படும் இடத்தில் சாய்ந்திருந்தது.

"இது எப்ப பிரிச்சது தம்பி?"

"மூணு வாரம் இருக்கும் சார். நாலு சதவீதம்தானே போகுது, ஒரு பை ரொம்ப நாள் வருது."

அதுதான் விஷயம். குறைவாகப் போவதால் ஒரு பை நீண்ட நாள் திறந்தே கிடக்கிறது. மேலிக் அன்ஹைட்ரைடு ஒரு மூடிய வளையம். காற்றின் ஈரம் அதைத் திறந்து அமிலமாக்கிவிடும். நைலானின் அமீன் முனை மூடிய வளையத்தோடு சட்டென்று கைகோக்கும், அமிலத்தோடு அவ்வளவு சுலபமாகக் கோக்காது. எக்ஸ்ட்ரூடருக்குள் சரக்கு இருப்பதே ஒரு நிமிடம் அளவுக்குத்தான், அதற்குள் நடக்காதது நடக்காமலே போகும். அந்தப் பையின் சரக்கை எஃப்டிஐஆர் என்னும் அகச்சிவப்பு ஒளிச் சோதனையில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்: 1780 அலைஎண் அருகே உள்ள அன்ஹைட்ரைடு முகடு தேய்ந்து, 1710 அருகே அமில முகடு எழுந்திருக்கும்.

சாதாரண 80 டிகிரி டிரையரில் போட்டால் மேல் ஈரம்தான் போகும், திறந்த வளையம் மூடாது. அதற்கு 120 டிகிரிப் பக்கம் சில மணி நேரம், முடிந்தால் வேக்குவத்தில் வேண்டும். பிபி 160-க்கு மேல்தான் உருகும் என்பதால் மணிகள் ஒட்டிக்கொள்ளாது. பிஇ ஏற்றிய வகையில் இந்தச் சூட்டை முயற்சிக்காதீர்கள், கட்டியாகிவிடும். நாங்கள் இப்போது வாங்கியவுடனே ஒரு ஷிஃப்டுக்கு வேண்டிய அளவாக எடைபோட்டு ஃபாயில் பைகளில் சீல் செய்துவிடுகிறோம். பிரித்த பையில் தேதி எழுதாமல் ஃபீடரில் கொட்டக் கூடாது.

நைலானுக்கு 80 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம், ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழ். மழைக்காலத்தில் வெறும் சூடான காற்று ஊதும் டிரையர் இதைத் தராது, உள்ளே இழுக்கும் காற்றே ஈரம். காற்றை முதலில் உலர்த்தி ஊதும் டெசிக்கன்ட் டிரையர் வேண்டும். பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரியில் 3, 4 மணி நேரம், 0.02 சதவீதத்துக்குக் கீழ். பெட்டுக்கு 160 டிகிரி, 50 பிபிஎம் (0.005 சதவீதம்) அளவுக்குக் கீழ். பெட்டும் பிசியும் ஈரத்தோடு உருகினால் சங்கிலியே அறுந்துவிடும், பிறகு காயவைத்துப் பயனில்லை.

அறிகுறி: மணியில் எடுத்த டெஸ்ட் பாஸ், பீஸ் ஃபெயில்

இதைச் சப்ளையர் மோல்டர்மேல் போடுவார், மோல்டர் சப்ளையர்மேல் போடுவார். எக்ஸ்ட்ரூடரில் உடைத்த துளி, மோல்டிங் மெஷின் பாரலில் சூட்டோடு சும்மா நிற்கும்போது பக்கத்துத் துளியோடு சேர்ந்து மறுபடி பெரிதாகிறது, ரசத்தின் மேல் எண்ணெய்த் துளிகள் சேர்வதைப்போல. சின்ன பீஸைப் பெரிய மெஷினில் போட்டால் சரக்கு பாரலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும், அப்போது இது தெரியும். சோதிக்க, மெஷினை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு முதல் ஷாட்டையும் இருபதாவது ஷாட்டையும் உடைத்துப் பாருங்கள். முதல் ஷாட் மட்டும் மோசம் என்றால் துளிகள் சேர்கின்றன. உடனடி வழி சின்ன மெஷின், குறைந்த பாரல் சூடு. நிரந்தர வழி கம்பாட்டிபிலைசர், ஏனென்றால் ஒட்டிய சங்கிலி துளியைச் சுற்றி மயிர்க்கால் மாதிரி நின்று இன்னொரு துளியை நெருங்கவிடாது. ஏற்றுவதற்கு உண்மையான காரணம் இருக்கும் இடம் இது. ரன்னரை (கேட்டுக்கு வரும் வழியில் உறைந்து நிற்கும் மிச்சம்) அரைத்துத் திரும்பப் போடும் விகிதத்தையும் கேளுங்கள்.

அறிகுறி: இம்பாக்ட் வந்தது, விறைப்பு போனது

எலாஸ்டோமரை அதிகம் போட்டுவிட்டீர்கள். பிபியில் 10 சதவீதத்திலிருந்து ஆரம்பித்து 3, 3-ஆக ஏற்றுங்கள். 20 வரை போனால் டால்க் சேர்த்து விறைப்பை மீட்க வேண்டியிருக்கும். நைலானில் மேலிக் ஏற்றிய எலாஸ்டோமர் 20 சதவீதம் பக்கம் போனால்தான் மிகக் கடினமான அடியைத் தாங்கும், அங்கே விறைப்பு இழப்பு அந்த வகையின் இயல்பு. வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: வெல்டு லைனில் மட்டும் விடுகிறது

இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் இடத்தில் துளிகள் கோட்டுக்கு இணையாகத் தட்டையாகப் படுத்துவிடும், குறுக்கே பிடிப்பு இருக்காது. நன்றாக ஒட்டிய கலவைகூட இங்கே கொஞ்சம் இழக்கும். மெல்ட்டையும் மோல்டையும் சூடாக்குங்கள், ஏர் வென்ட் அடைத்திருக்கிறதா பாருங்கள், முடிந்தால் கேட்டை மாற்றிக் கோட்டைச் சுமை விழாத இடத்துக்குத் தள்ளுங்கள்.

அறிகுறி: ஸ்ட்ராண்ட் துடிக்கிறது, அறுகிறது

எக்ஸ்ட்ரூடர் வாயிலிருந்து கயிறாக வெளியே வரும் இழைதான் ஸ்ட்ராண்ட். கலவைக்குப் போகும் முன் ஃபீடைப் பாருங்கள். பால் கவர் மாதிரியான ஃபிலிம் துண்டுகள் ஹாப்பரில் பாலம் கட்டும், சரக்கு விட்டு விட்டு இறங்கும். ஃபிலிமில் உள்ள எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த பிஇ) 110 டிகிரியிலேயே உருகுவதால் முதல் மண்டலம் சூடாக இருந்தால் ஃபீட் வாயிலேயே ஒட்டி, இன்னும் உருகாத நைலானைச் சுற்றிக் கட்டியாக்கும். முதல் மண்டலத்தைக் குளிரவையுங்கள், ஃபிலிமை அக்ளோமரேட் செய்து (சுருட்டிச் சிறு கட்டிகளாக்கி) போடுங்கள். ஸ்ட்ராண்டில் குமிழ் இருந்தால் ஈரம் அல்லது வேக்குவம் அடைப்பு. டையைவிட்டு வந்ததும் ஸ்ட்ராண்ட் ஒரேயடியாகப் பருத்தால் ரப்பர் பகுதி அதிகம்.

அறிகுறி: பிசி-ஏபிஎஸ்ஸில் வெள்ளிக் கோடு, மஞ்சள், வலு இழப்பு

வெள்ளிக் கோடு என்றால் முதலில் ஈரம். 90 முதல் 100 டிகிரியில் 3, 4 மணி நேரம் காயவையுங்கள். அதன் பிறகும் இருந்தால் உள்ளே வந்தது யார் என்று தேடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாலிகார்பனேட்டும் உண்டு, பெட்டும் உண்டு. அரைத்தபின் இரண்டும் நீலச் சிப்ஸ்தான். டிஎஸ்சி (மெல்லச் சூடேற்றி உருகும் இடத்தைக் காட்டும் சோதனை) எடுத்தால் பெட்டுக்கு 250 டிகிரி பக்கம் உருகும் முகடு தெரியும், பிசிக்கு அப்படி ஒன்றும் இருக்காது, 147 பக்கம் ஒரு படி மட்டும்தான். பிவிசி சிப் ஒன்றிரண்டு வந்திருந்தால் அந்தச் சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கறுப்புப் புள்ளியும் மூக்கை எரிக்கும் வாசனையும் வரும், ஸ்க்ரூவும் அரிக்கும். உடனே நிறுத்திப் பர்ஜ் செய்யுங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள்.

பாலிகார்பனேட்டோடு பிபிடி என்னும் பாலியெஸ்டர் சேர்ந்த பிசி-பிபிடியில் வேறு ஒரு கதை. இரண்டும் எஸ்டர் இணைப்பு உள்ளவை, அதிகச் சூட்டில் தங்களுக்குள் சங்கிலித் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். கொஞ்சம் நடந்தால் ஒட்டுக்கு நல்லது. அதிகம் நடந்தால் பிபிடி படிகமாவது குறைந்து, சூட்டுத் தாங்குதலும் ரசாயனத் தாங்குதலும் போய்விடும். பிபிடியில் மிச்சமிருக்கும் டைட்டானியம் வினையூக்கிதான் இதைத் தூண்டுகிறது. ஒரு ஃபாஸ்ஃபைட் ஸ்டெபிலைசர் அதை அடக்கும்.

அறிகுறி: நம் ரிப்போர்ட் ஒன்று, வாடிக்கையாளர் ரிப்போர்ட் இன்னொன்று

நைலான் உள்ள கலவை என்றால் கோளாறே இல்லாமலும் இது வரும். மோல்டிலிருந்து எடுத்தவுடன் நைலான் முறுகலாக இருக்கும். காற்றிலிருந்து ஈரம் குடிக்கக் குடிக்க இளகி, அடி தாங்கும், விறைப்பு குறையும். 50 சதவீத ஈரப்பதக் காற்றில் நைலான் 6 தன் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் வரை தண்ணீர் எடுக்கும். நம் ஊர்க் காற்று அதற்கும் மேல் ஈரம். டெஸ்ட் பார்களை மேஜைமேல் ஒரு வாரம் வைத்து ஐசாட் எடுத்தால் எண் அழகாக வரும். அதே பாரை வாடிக்கையாளர் காய்ந்த நிலையில் எடுப்பார், பாதிகூட வராது.

பார் மோல்டிலிருந்து விழுந்த கையோடு ஃபாயில் பையில் போட்டு ஹீட் சீல் செய்யுங்கள். பையின் மேல் தேதி, நேரம், லாட் எண். ரிப்போர்ட்டில் காய்ந்த நிலையா, ஈரம் ஏற்றிய நிலையா என்று தனி வரி எழுதுங்கள். ஐசாட் ஏஎஸ்டிஎம் டி256 முறையா, சார்பி ஐஎஸ்ஓ 179 முறையா என்பதையும் எழுதுங்கள். இரண்டு எண்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்க முடியாது. இந்த மூன்று வரியும் ஒத்துப்போன பிறகும் எண் வேறாக வந்தால், உடைந்த பார்களைத் திருப்பி வாங்கி, லென்ஸோடு முதல் அறிகுறியிலிருந்து ஆரம்பியுங்கள்.